தரங்கம்பாடி சீகன்பால்கு வீடு: ஒரு பழைய கம்போசிட்டர் பார்த்தது

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் வளைவு வாசலைத் தாண்டியதும் வண்டியை நேராகக் கோட்டைக்கு விடுவார்கள். மேலே நின்று கடல் தெரிய ஒரு படம், கீழே ஒரு தட்டு மீன் வறுவல், அவ்வளவுதான், திருக்கடையூருக்குக் கிளம்பிவிடுவார்கள். குறையாகச் சொல்லவில்லை. மாயவரத்துக்காரனான நானே நாற்பது வருஷமாக அப்படித்தான் போய் வந்தேன். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அட்மிரல் தெருவில் குடியிருந்த வீட்டைச் சரிசெய்து 2017லிருந்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் உள்ளே கால் வைத்ததில்லை. போன மாதம் பேத்தி இழுத்துக்கொண்டு போனாள். அரை மணியில் பார்த்துவிடலாம் என்றுதான் நுழைந்தோம். வெளியே வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த ஆள் ஏன் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று தோன்றும். 1974ல் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் கோட்டைவிட்டு, கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன பிரஸ்ஸில் கம்போசிட்டர் வேலைக்கு, அதாவது ஈய எழுத்தைக் கோக்கிற வேலைக்கு, சேர்ந்தேன். முதல் ஆறு மாசம், அடித்து முடித்த எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் அதனதன் அறையில் போடுவது மட்டும்தான் வேலை. அப்புறம் எழுத்தை வரியாகக் கோக்கிற ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கத்து ரசீதுப் புத்தகம், தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் நோட்டீஸ். 1999ல் ட்ரெடில் என்கிற அச்சு யந்திரத்தை எடைக்குப் போட்டார்கள். எழுத்தையும் கிலோ கணக்கில் ஈயமாக அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஒரே ஒரு எழுத்தை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பேத்தி கயல் திருச்சியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். ஏதோ எழுத்துருவைப் பற்றி வகுப்பில் ஒப்படைக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்தப் பயணம்.

பஸ் பயணம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு காலத்தில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலே இருந்தது, 1926ல் போட்டது, 1986ல் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலில் போனவர்களுக்கு இந்த பஸ் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

சரி, வீட்டுக்கு வருவோம். கவர்னர் பங்களா மாதிரி பெரிய தூணும் தடபுடலும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தடித்த சுண்ணாம்புச் சுவர், உள்ளே நுழைந்ததும் தெரு வெயில் சட்டென்று இறங்கிவிடுகிற குளிர்ச்சி. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் இருக்கும் பிராங்கே அறநிலையமும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் சேர்ந்து செய்த காரியம் இது. ஹாலேதான் சீகன்பால்கு படித்த இடம். முன்னூறு வருஷம் கழித்தும் ஒரு பள்ளிக்கூடம் தன் மாணவன் வீட்டைத் தேடி வந்து சுண்ணாம்பு அடித்திருக்கிறது என்றால் ஆச்சரியம்தான்.

மதப் பிரசாரக் கூடம் மாதிரி இருக்குமோ என்ற தயக்கத்தில்தான் நான் இத்தனை வருஷம் போகாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தயக்கம் தேவையில்லாதது. இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள், யார் யாரிடம் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அங்கே பேச்சு.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்காக: பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனிக்காரர். டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக் அனுப்பி, ஹென்ரிக் புளூட்சாவ் என்ற கூட்டாளியோடு 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையேறினார். தரங்கம்பாடி அப்போது டேனிஷ் கம்பெனியின் ஊர். 1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு அவர்கள் வாங்கிய இடம். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ராஜா அனுப்பிய ஆட்கள் என்றால் மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைப்போம். கிடைத்தது, கவர்னர் வருகிறவரை வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருப்பு. வியாபாரம் பண்ண வந்த கம்பெனிக்குப் பிரசங்கம் பண்ண வந்தவர்கள் தலைவலி. உள்ளூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டால் மிளகும் துணியும் போய்விடும் இல்லையா? இரண்டே வருஷத்தில், 1708 கடைசியில், அதே கவர்னர் சீகன்பால்கைப் பிடித்துக் கோட்டைக்குள் நாலு மாசம் அடைத்துப் போட்டார்.

ஆனால் அதற்குள் மனிதர் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார். எப்படி? ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை அவருடைய பிள்ளைகளோடு சேர்த்து வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி. இதைப் படித்ததும் எனக்கு ஆள் பிடித்துப்போய்விட்டது. எனக்கும் அப்படித்தான், விஜயதசமியன்று நெல்லில் ஆரம்பித்து அப்புறம் மணல். விரல் நுனி எரியும். இருபத்து நாலு வயசு வெள்ளைக்காரருக்கும் எரிந்திருக்கும். அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் கூட இருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவருக்குப் போர்த்துகீசு உட்பட நாலைந்து பாஷை தெரியும். அந்தக் காலத்துத் துறைமுக ஊரில் பிழைக்க அது வேண்டும்.

அப்புறம் சுவடி சேர்க்க ஆரம்பித்தார். ஆள் அனுப்பி, இறந்துபோன புலவர்கள் வீட்டு விதவைகளிடம் கிடந்த ஓலைக் கட்டுகளை விலைக்கு வாங்கச் சொன்னாராம். 1708லேயே தன்னிடம் இருந்த 119 தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று குறிப்பெழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டார். அதே வருஷம் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நினைத்துப் பாருங்கள், அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம் ஜெர்மன் மொழிக்குப் போய் முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் சாமிகளைப் பற்றியும் 1713ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஹாலேயில் இருந்த குருநாதருக்கு அது பிடிக்கவில்லை. அங்கே போய் மதத்தைப் பரப்பச் சொன்னால் அவர்கள் சாமிக்கதையை இங்கே பரப்புகிறாயா என்கிற தோரணையில் ஓரம்கட்டிவிட்டார்கள். 1867ல்தான் அது சென்னையில் அச்சானது. எழுதியவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டு. கைப்பிரதியைக் கொடுத்துவிட்டு புரூஃபுக்காகக் காத்திருந்த எத்தனையோ கவிஞர்களை எங்கள் பிரஸ் வாசலில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நாள் யாரும் காத்திருந்ததில்லை.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடிதங்கள். ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு நம் ஆட்களைப் பற்றி ஆயிரம் கேள்வி. அதற்குத் தமிழர்களிடமே பதில் எழுதி வாங்கி 1712க்கும் 1714க்கும் நடுவில் 99 கடிதங்களாக மொழிபெயர்த்து அனுப்பினார்கள். கல்யாணம், வைத்தியம், சாதி, சாமி, எல்லாம் அதில் இருக்கிறது. கேள்வி கேட்டவர்களையும் விடவில்லை. உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், சுத்தமில்லை, உங்கள் மதம் நல்லதாக இருக்கலாம், நீங்கள் நடந்துகொள்வது சரியில்லை என்று நறுக்கென்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அச்சைப் பற்றிய பகுதியில்தான் எங்கள் நேரம் முழுக்கப் போனது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த ஒரு ஆசிரியர், இந்தியாவிலேயே முதல் அச்சு யந்திரம் இங்கேதான் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், கோவாவுக்கு 1556லேயே வந்துவிட்டது. தமிழ் எழுத்திலேயே 1578ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அடித்துவிட்டார்கள், பதினாறு பக்கம்" என்றேன். அவர் கோபப்படவில்லை, நல்ல மனிதர், பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். தரங்கம்பாடியின் பெருமை முதல் என்பதில் இல்லை. அதற்கு முன் வந்த தமிழ் அச்சு அங்கங்கே முளைத்து அணைந்துபோனது. இங்கே 1712ல் ஆரம்பித்தது அப்படிப் போகவில்லை. வருஷக் கணக்கில் தொடர்ந்து நடந்தது, எழுத்து வார்த்தார்கள், காகிதம் செய்தார்கள், ஆள் பழக்கினார்கள். ஒரு தொழிலாக நின்றது. நான் அந்தத் தொழிலின் கடைசி ஆட்களில் ஒருவன்.

அந்த யந்திரம் வந்த கதையே தனி. லண்டனிலிருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கம் அனுப்பியது. யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரரும் கூடவே கப்பலேறினார். பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். எப்படியோ யந்திரம் தப்பியது. ஃபிங்க் தப்பவில்லை, நன்னம்பிக்கை முனைக்குப் பக்கத்தில் காய்ச்சலில் போய்விட்டார். யந்திரம் மட்டும் சென்னைக்கு வந்து, அங்கிருந்து தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. கம்பெனிச் சிப்பாய்களில் தேடினால் ஷ்லோரிக்கே என்று ஒருவருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவர் போர்த்துகீசுப் புத்தகம் அடிக்க ஆரம்பித்தார். பிரஸ் நடத்தியவர்களுக்கு இது புதிதில்லை. மெஷின்மேன் ஊருக்குப் போய்விட்டால் பக்கத்து சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு முகூர்த்தப் பத்திரிகையை அடித்து முடித்திருக்கிறோம்.

தமிழ் எழுத்து 1713ல் வந்தது. இங்கிருந்து எழுதி அனுப்பிய மாதிரியைப் பார்த்து, தமிழை ஒரு நாளும் காதால் கேட்டிராத கொல்லர்கள் ஹாலேயில் வெட்டி வார்த்த எழுத்து. ஆட்லர் என்பவர் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு அதைக் கொண்டுவந்தார். அதில்தான் அந்த வருஷமே அக்கியானத்தை, அதாவது அஞ்ஞானத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும், அடுத்த வருஷம் பைபிளின் சுவிசேஷங்கள் நாலும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்து அஞ்சு வேத பொஸ்தகம் என்ற பேரிலும் வந்தன. பொஸ்தகம்! எங்கள் ஓனர் புரூஃபில் இதைப் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார். ஆனால் நாம் இன்றும் வாயால் அப்படித்தானே சொல்கிறோம்?

அதில் ஒரு சிக்கல். எழுத்து பெரிது.

"எத்தனை பாயிண்ட் இருக்கும் தாத்தா?" என்றாள் கயல்.

"பாயிண்ட் கணக்கெல்லாம் அப்போது ஏது? கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் போடுவோமே, அந்த சைஸில் முழுப் புத்தகத்தையும் கோத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்" என்றேன்.

எழுத்து பெரிதானால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் காகிதம் போதாது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் சின்ன எழுத்தாக இங்கேயே வார்க்க முடிவு பண்ணினார் ஆட்லர். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டனிலிருந்து மிஷனரிகளுக்குச் சாப்பிட பாலாடைக்கட்டி அனுப்புவார்கள், செஷயர் ஊர்ப் பாலாடைக்கட்டி. அது கெடாமல் இருக்க ஈயத் தகடு போட்டு மூடியிருக்கும். அந்த மூடிகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலுக்கு இருந்தவர் எட்டிப் பார்த்தார். வெறும் ஈயம் மிருது சார். நாலு தடவை அழுத்தினால் முகம் மழுங்கிவிடும். அதனால்தான் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலப்பார்கள். பாலாடைக்கட்டி மூடியில் வேதப் புத்தகம் அடிக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று அந்த வேலையைச் செய்தவனுக்குத்தான் தெரியும். இருந்தும் 1715ல் புதிய ஏற்பாட்டை முடித்துவிட்டார்கள். காகிதத்துக்கும் கப்பலை எதிர்பார்த்தால் ஆகாது என்று பொறையாறில் ஆலையே போட்டார்கள்.

அங்கேயே ஒரு பெஞ்சு மாதிரி திண்டில் உட்கார்ந்து, பையிலிருந்து என் எழுத்தை எடுத்தேன். கயல் முதல் தடவையாக அதை வெளிச்சத்தில் பார்த்தாள். சுண்டு விரல் அகலம் கூட இல்லை. ஒரு பக்கம் மட்டும் சின்னப் பள்ளம் இருக்கும், நிக் என்போம். கண்ணால் பார்க்காமலே விரலால் அதைத் தடவித்தான் எழுத்தின் தலை எது கால் எது என்று தெரிந்துகொள்வோம். முகம் தேய்ந்து மினுமினு என்று இருக்கிறது, இண்டு இடுக்கில் 1999ஆம் வருஷத்து மை. அது பழைய 'ணை'. இப்போது எழுதுவது மாதிரி முன்னால் இரட்டைச் சுழி போட்டது இல்லை, எழுத்தின் தலைமேல் துதிக்கை மாதிரி வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். 1978ல் எம்.ஜி.ஆர். அரசு சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தபோது ணை, லை, ளை, னை, அப்புறம் றா, னா, ணா எல்லாவற்றுக்கும் தனி அறை தேவையில்லாமல் போனது. கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், அத்தனை அறை காலி. ஓனருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு வருகிற பெரியவர்கள், 'துணைவியார்' என்பதில் பழைய ணை போட்டால்தான் பத்திரிகை, இல்லாவிட்டால் நோட்டீஸ் என்பார்கள். அவர்களுக்காக ஒரு டப்பாவில் கொஞ்சம் வைத்திருந்தோம். அதில் ஒன்றுதான் இது.

"இதைத் தலைகீழா வெச்சு எப்படிப் படிப்பீங்க?" என்று கேட்டாள். படிக்கிறதுதானே வேலை. ஸ்டிக்கில் எழுத்து தலைகீழாக, இடமிருந்து வலமாக வரும். ஆறு மாசத்தில் பழகிவிடும். எனக்கு இன்றும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையிலிருக்கும் பேப்பரைப் படிப்பதுதான் சுலபம்.

பேசிக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. கோக்கிற வேலையைக் கூட பாஷை தெரியாதவன் மூலத்தைப் பார்த்துப் பார்த்து எப்படியாவது செய்துவிடுவான். பிரிக்கிற வேலையை முடியாது. எழுத்து கொஞ்சம், புத்தகம் பெரிது என்றால், நாலு பக்கம் அடித்ததும் அதைக் கழுவிப் பிரித்து அறையில் போட்டால்தான் அடுத்த நாலு பக்கத்தைக் கோக்க முடியும். ஒரு வார்த்தையை அப்படியே இரண்டு விரலில் அள்ளி, வாசித்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாக அதனதன் அறையில் சொட்டவிட வேண்டும். வாசிக்கத் தெரியாதவன் ண எழுத்தை ன அறையில் போடுவான். அத்தோடு அந்தக் காலத்து ஓலையில் புள்ளி கிடையாது, குத்தினால் ஓலை கிழியும். ர எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமும் கிடையாது. 'காரம்' என்று எழுதினால் நடுவில் இரண்டு கால் நிற்கும், எது கால் எது ர என்று படிப்பவன்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தமிழை ஓட்டமாகப் படிக்க ஜெர்மன்காரருக்கு இரண்டு வருஷம் போதாது. ஆக, ஆட்லருக்குப் பக்கத்தில் நம் ஊர்ப் பையன்கள் நின்றிருக்கிறார்கள். நெல்லிலும் மணலிலும் எழுதிப் பழகிய விரல்கள்தான் அந்தப் பாலாடைக்கட்டி ஈயத்தைப் பிரித்துப் போட்டிருக்கும். ஆட்லர் பேர் நமக்குத் தெரிகிறது, ஷ்லோரிக்கே பேர் தெரிகிறது. பிரித்துப் போட்ட பையன் பேர் எந்தக் காலத்திலும் எந்தப் பிரஸ்ஸிலும் அச்சாகிறதில்லை. இருபத்தைந்து வருஷம் நான் கோத்த பத்திரிகைகளின் அடியில் பிரஸ் பேர்தான் இருக்கும்.

வீட்டை விட்டு வெளியே வந்தபின் பார்க்க வேண்டியதை ஒரு வரிசையில் சொல்கிறேன், எல்லாம் நடக்கிற தூரம்தான். புது எருசலேம் ஆலயம், 1718ல் சீகன்பால்கு கட்டியது. கட்டி முடித்த மறு வருஷம் பிப்ரவரி 23 அன்று 36 வயதில் இறந்து அங்கேயே அடங்கிவிட்டார். அவர் முதலில் கட்டிய சின்னக் கோயிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. எதிரிலேயே 1701ஆம் வருஷத்து சீயோன் ஆலயம். கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில், 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதில் பாதியையும் கடல்தான் தின்றது. அப்புறம் கோட்டை. இந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் வேறு மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் படம் பிடிக்கிற இடமாக இருந்தது, இப்போது நாலு மாசம் ஒரு ஆளை அடைத்து வைத்த இடம். அதனால் வீடு முதலில், கோட்டை அப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பழைய வீடுகள் எப்படி மிஞ்சின என்று கயல் கேட்டாள். ஊர் முன்னேறாததால்தான். 1845ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவின் தலைநகரமாகக் கூட இருந்தது. 1861ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, கப்பலும் வியாபாரமும் அங்கே போய்விட்டன. இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை, வீடுகள் அப்படியே நின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து பணமும் கவனமும் வந்து, தெருத்தெருவாகப் பழைய வீடுகளைச் சரிசெய்தார்கள். கவர்னர் பங்களாவும் அப்படித்தான் தப்பியது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பேர் சொல்ல மாட்டேன், ஒரு ஓட்டலில் மீன் குழம்பு என்று கொடுத்தது புளித்தண்ணீர், மீன் வந்து போன சுவடு மட்டும் இருந்தது. கடற்கரையில் வண்டி வைத்திருந்த அம்மாவிடம் வாங்கிய வறுவல்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. தண்ணீர் பாட்டில், குடை இரண்டும் கொண்டுபோங்கள், தெருவில் நிழல் குறைவு. காலையிலேயே போய்விடுவது நல்லது. விடுமுறை நாள் எது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடி ஆடுகிற சின்னக் குழந்தைகளுக்கு அந்த வீடு அலுத்துவிடும், அவர்களைக் கோட்டைக்கு அனுப்பிவிடலாம். பத்து வயசுக்கு மேல் என்றால், தமிழ் எழுத்தில் கொஞ்சம் ஆசை உள்ள பிள்ளை என்றால், கட்டாயம் கூட்டிப் போங்கள். ஐந்துக்கு எவ்வளவு கொடுப்பீங்க என்று கயல் கேட்டாள். பாலாடைக்கட்டி மூடிக்கு மட்டுமே மூன்று கொடுப்பேன். மீதியைச் சேர்த்தால் நாலரை.

திரும்பும்போது பொறையாறில் இறங்கினோம். அந்தக் காகித ஆலை இருந்த இடத்தைக் கடுதாசிப் பட்டறை என்று சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வாசலில் நின்ற ஒருவரிடம், "கடுதாசிப் பட்டறை எங்கே இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"கடுதாசியா? எதிர்க்கடையில கேளுங்க ஐயா, எல்லா சைஸும் இருக்கும்" என்று ஒரு ஸ்டேஷனரிக் கடையைக் காட்டினார்.

அதற்குமேல் விசாரிக்கத் தோன்றவில்லை. வெயிலும் அதிகம். கயல் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தக் கடைக்கே போய் ஒரு குயர் வெள்ளைத்தாளும் ஒரு ஊதா ஸ்டாம்ப் பேடும் வாங்கினாள். கடை மேசையிலேயே தாளைப் பிரித்து, என்னிடமிருந்து எழுத்தை வாங்கிப் பேடில் ஒற்றி, தாளில் வைத்து அழுத்தினாள். முதலில் சாய்ந்துவிட்டது. நிக் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி பிடி, நேராக இறக்கு, ஆட்டாதே என்றேன். இரண்டாவது தடவை நன்றாக விழுந்தது. இடது ஓரம் மட்டும் தேய்ந்து போய் லேசாக இருந்தது.

கடைப் பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன அக்கா இது, யானையா?"

"ணை" என்றாள் கயல்.

அவன் நம்பவில்லை.